மைக்கை அணைத்த பிறகும் நிற்காத தாலாட்டு

அநியாயம் நடந்தது தர்ஷினிக்கு. செய்தது எங்கள் கல்லூரி இசைமன்றம். அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே மைக்கை அணைத்துவிட்டு, பாடி முடிக்கவில்லை என்று காரணம் காட்டி அவளைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். கேட்டதும் கோபம் வருகிறதா? பொறுங்கள், புதிர் அவ்வளவு சுலபமில்லை.

அது தாலாட்டுப் போட்டி. விதி ஒன்றே ஒன்று: உங்கள் வீட்டில் உங்களைத் தூங்கவைத்த பாட்டைப் பாட வேண்டும். எங்கள் விடுதியில் படுகர் உண்டு, சௌராஷ்டிரர் உண்டு, மலையாளிகளும் உண்டு. அவரவர் மொழியில் பாடினார்கள், அரங்கம் கைதட்டியது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

தர்ஷினியின் வீடு கோத்தகிரிப் பக்கம், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களின் காலனியில். அவள் அம்மா ஆறு வயதில் கப்பலேறி வந்தவர். அதுவரை வளர்ந்தது தோட்டத்து லயத்தில். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். நடுச்சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். ஒரு வீட்டில் தாலாட்டினால் அடுத்த வீட்டுக் குழந்தையும் தூங்கிவிடும். அடுத்த அறையில் இருந்தவள் சோமாவதி என்ற சிங்களப் பெண். அவள் தன் பிள்ளைக்குச் சிங்களத்தில் பாடியதைக் கேட்டே அம்மா தூங்கினார். பின்னாளில் அதையே பாடித் தர்ஷினியையும் தூங்கவைத்தார். அம்மாவுக்கும் மகளுக்கும் அதில் ஒரு சொல்லுக்குக்கூடப் பொருள் தெரியாது.

தர்ஷினி இரண்டாவது அடியைத் தொடங்கியபோது, கடைசி வரிசையிலிருந்து நிரோஜா எழுந்தாள். முல்லைத்தீவிலிருந்து படகில் தப்பி வந்து, அகதி முகாமில் வளர்ந்தவள். சிறுமியாக இருந்தபோது அவள் வீட்டுக் கதவை உதைத்துத் திறந்தவர்கள் பேசிய மொழி அது. மைதானத்துக்குப் போகும் வாசல் அவள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவளோ அரங்கத்தைக் கடந்து, மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறைக்குள் போய் உட்கார்ந்தாள். அறை என்று பெயர்தான், ஆள் உயரத்துக்கு ஒரு பிளைவுட் தடுப்பு. யாரிடமும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

இசைமன்றச் செயலாளர் கார்குழலி, நிரோஜாவின் அறைத்தோழி. தோழியின் கலங்கிய கண்ணைப் பார்த்தாள், மைக்கை அணைத்தாள். தர்ஷினியிடம் வந்து தணிந்த குரலில்தான் சொன்னாள். நிரோஜா அழுகிறாள், இது வேண்டாம், வேறு ஏதாவது தமிழ்த் தாலாட்டு பாடு, உன் வாய்ப்பு உனக்கே.

"வேற பாட்டுக்கு நான் தூங்கினதே இல்லக்கா" என்றாள் தர்ஷினி. மேடை விளிம்புக்கு வந்து, வெறும் தொண்டையில் மீதியையும் பாடி முடித்தாள். மைக் இல்லாமல் பாடியதை மன்றம் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு வாரம் மெஸ்ஸில் இதே சண்டை. பக்கத்து வீட்டுப் பாட்டைத் தன் வீட்டுப் பாட்டு என்று சொல்ல இவள் யார் என்றாள் ஒருத்தி. பக்கத்து ரூம் வைஃபையில் படித்துப் பாஸானவளே, உன் டிகிரி யாருடையது என்று திருப்பிக் கேட்டாள் இன்னொருத்தி. ஒருத்தியின் காயத்தை விடப் பாட்டு பெரிதா என்று கேட்டாள் கார்குழலி. சின்னக் கேள்வியா அது?

இப்போது உங்களைக் கேட்கிறேன். எழுந்து போனவள் நிரோஜா, அவளுக்காகப் பாட்டை நிறுத்தியவள் கார்குழலி, அவள் அழுவது தெரிந்தும் நிறுத்தாதவள் தர்ஷினி. இவர்களில் யார் செய்தது சரி? தடயமெல்லாம் மேலேயே இருக்கிறது.

விடை: விதி கேட்டது தூங்கவைத்த பாட்டை. அது எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஆகவே தர்ஷினி செய்தது சரி. உட்கார்ந்து கேட்டே தீர வேண்டும் என்று நிரோஜாவைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமையில்லை, ஆகவே அவளும் சரி. ஆனால் பக்கத்து வாசலை விட்டுவிட்டு, கூரை தொடாத தடுப்புக்குப் பின்னால், பாட்டு எட்டும் தூரத்திலேயே போய் உட்கார்ந்தவள் பாட்டை நிறுத்தச் சொன்னாளா? கார்குழலி அதைக் கேட்கவே இல்லை. இப்போதாவது கேளுங்கள் அக்கா என்று மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் நான் சொன்னேன். கேட்டாள். நிரோஜா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்:

"அந்தப் பாசையைக் கேட்டா எனக்கு இப்பவும் கதவு உதைபடுற சத்தந்தான் கேக்கும். அதாலதான் எழும்பிப் போனனான். நான் பொத்தினது என்ர காதை. அவளின்ர வாயைப் பொத்தச் சொல்லி உன்னட்டை ஆர் சொன்னது?"