வீரபத்திரன் பிளைண்டைக் காத்த கதை

தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே சங்கத்துக்கு செக்ரட்டரியாக இருக்க ஒருவருக்கும் விருப்பமில்லை. தண்ணீர் லாரிக்குப் போன் போடுவது, லிஃப்ட் நின்றால் திட்டு வாங்குவது, யார் வீட்டு நாய் எங்கே அசிங்கம் பண்ணியது என்று பஞ்சாயத்து பேசுவது, எல்லாம் அந்தப் புண்ணியவான் தலையில்தான் விழும். அதனால் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் உட்கார்ந்து போக்கர் ஆடுவார்கள். கையிலிருக்கும் பிளாஸ்டிக் வில்லைகளை முதலில் தொலைப்பவர்தான் அந்த வருஷத்து செக்ரட்டரி.

மூன்று வருஷமாக அந்த மாலை வீரபத்திரன் கழுத்தில்தான் விழுந்தது. பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவர். வீரமெல்லாம் பெயரோடு சரி.

போக்கரில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே வில்லை வைத்தாக வேண்டும். அதற்கு பிளைண்ட் என்று பெயர்; ஒருவர் வைப்பது சின்னது, அடுத்தவர் வைப்பது பெரியது. முறை சுற்றிச் சுற்றி வரும். வீரபத்திரன் பெரிய பிளைண்ட் வைக்கும்போதெல்லாம், மற்றவர்கள் ஆட்டத்திலிருந்து விலகிச் சீட்டைக் கவிழ்ப்பதைப் பார்த்துவிட்டு நிதானமாகப் பேசும் இடம் இரண்டாம் மாடி தனஞ்செயனுக்கு வாய்க்கும். அவர் மீசையை நீவிக்கொண்டு, "பந்தயத்தை ஏத்துறேன்" என்பார். வீரபத்திரன் உடனே கவிழ்த்துவிடுவார். வைத்த வில்லை தனஞ்செயன் பக்கம் போய்விடும்.

நான்காவது வருஷ ஆட்டம் நெருங்கியது. வீரபத்திரன் மூன்றாம் மாடி பல் டாக்டர் ரெஜினாவிடம் போய்ச் சரணடைந்தார். மகள் வயதுதான். ஆனால் அந்தக் கட்டடத்தில் ஒரு தடவைகூட செக்ரட்டரி ஆகாதவர்.

"டாக்டர், கண்ணை மூடிக்கிட்டு வெச்சதை எப்படிக் காப்பாத்துறது?"

"மதியம் சாப்பிட்டீங்களா அங்கிள்?"

"இன்னும் இல்லை."

"வாங்க."

ரெஜினாவின் நர்ஸுக்குத் தங்கை கல்யாணம். மண்டபத்தில் பந்திக்கு அடிதடி. "கைக்குட்டையை ஏதாவது ஒரு நாற்காலியில போடுங்க" என்றார் ரெஜினா. வீரபத்திரன் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். கடைசியாக வந்த சந்தனச் சட்டைக்காரன் ஒருவன் கைக்குட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். கை கழுவித் திரும்பிய வீரபத்திரன் அவனைப் பார்த்துக்கொண்டே ஒதுங்கி நின்றார்.

"ஏன் விட்டீங்க?"

"எதுக்கு டாக்டர் வம்பு?"

அடுத்த பந்திக்கும் போட்டார். இந்த முறை ஒரு பெரியவர் வந்து கைக்குட்டையை நகர்த்தினார். பசியில் வீரபத்திரனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"யோவ், இது என் இடம்யா!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெரியவர் கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன். நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வீரபத்திரன் கும்பிடு போட்டுத் தப்பித்தார். அவமானத்தில் உடம்பு கூசியது.

"விட்டாலும் போகுது, எதிர்த்தாலும் போகுது. நான் என்னதான் பண்றது?"

"முதல் ஆள் உக்காந்ததும் எங்க பாத்தான்?"

யோசித்தார். "சுத்திமுத்தியும் பாத்தான்."

"தாய்மாமன்?"

"இலையைத்தான் பாத்தார்."

"மறுபடி போடுங்க."

மூன்றாம் பந்தி. சந்தனச் சட்டைக்காரன் இன்னொரு ரவுண்டுக்கு வந்திருந்தான். கைக்குட்டையை எடுத்தான், உட்கார்ந்தான், நாலு பக்கமும் பார்த்தான். வீரபத்திரன் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"தம்பி, நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"ரெண்டும்தான் சார்" என்றவன், நாற்காலியைத் துடைத்துவிட்டு மாயமானான்.

பாயசம் வரைக்கும் வீரபத்திரனுக்கு உலகமே இனித்தது. அப்புறம்தான் உறைத்தது.

"டாக்டர், என்னை இங்க யாராவது கூப்பிட்டாங்களா?"

"இல்லையே."

"அவன் திருப்பிக் கேட்டிருந்தா?"

"கேக்கலையே" என்று ரெஜினா அப்பளத்தை நொறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீரபத்திரன் பிளைண்ட் வைத்தார். எல்லோரும் கவிழ்த்தார்கள். தனஞ்செயன் மீசையை நீவி, ஏற்றிவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வீரபத்திரன் கையில் ஏழும் இரண்டும். சுத்தக் குப்பை. இருந்தாலும் தன் வில்லைகள் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார்.

"என்ன சார், உடம்புக்கு முடியலையா?" என்றார் தனஞ்செயன்.

"நல்லாத்தான் இருக்கேன். வர்றீங்களா?"

தனஞ்செயன் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கவிழ்த்தார். அடுத்த சுற்றிலும் அதே கூத்து. அதற்கடுத்த சுற்றில் ஏற்றிவிட்டு யாரையும் பார்க்காமல் தன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வீரபத்திரன் சத்தமில்லாமல் கவிழ்த்துவிட்டார். தனஞ்செயன் தன் ஜோடி ராஜாவை எல்லோருக்கும் காட்டி, இவ்வளவு நல்ல சீட்டுக்கு ஆள் சிக்கவில்லையே என்று புலம்பினார். அந்த ஆத்திரத்தில் கண்டபடி ஏற்றி, வெயில் இறங்குவதற்குள் கடைசி வில்லையையும் தொலைத்தார். சங்கத்தின் சாவிக்கொத்து அவர் கைக்குப் போனது.

மாடிப்படி இறங்கும்போது வீரபத்திரன் ரெஜினாவோடு சேர்ந்துகொண்டார். சந்தோஷத்தில் பாதி, பயத்தில் பாதி.

"டாக்டர், அந்த ஏழு ரெண்டோட மொத்தத்தையும் தள்ளினேனே. அவர்கிட்ட நிஜமாவே நல்ல சீட்டு இருந்திருந்தா?"

"நீங்கதான் செக்ரட்டரி."

"தெரிஞ்சேவா என்னைத் துணியச் சொன்னீங்க?"

ரெஜினா தன் வீட்டுக் கதவைத் திறந்தபடி கேட்டார்.

"மூணு வருஷமா பத்திரமா கவுத்து வெச்சீங்களே அங்கிள், அப்பல்லாம் யாரு செக்ரட்டரி?"