ஊருக்கு ஒரு வாசல்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் முத்துத்துறைப் பட்டினத்தை நெடுங்கோதை என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு ஆசை வரும், மாலைக்குள் அது உத்தரவாகிவிடும். அவருடைய மந்திரி ஏலியாகு ஒரு யூதர். எதற்கெடுத்தாலும் ராஜா அவரையே கேட்பது, சபையிலிருந்த பூதநாத பிள்ளைக்கு வயிற்றெரிச்சல்.

அந்த வருஷம் ராஜாவின் பிறந்தநாள் சனிக்கிழமை வந்தது. யூதர்களுக்கு அது ஓய்வுநாள். அன்று வீட்டிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூடத் தெருவுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பது அவர்கள் வேதச் சட்டம். இது தெரிந்துதான் பிள்ளை ராஜாவின் காதைக் கடித்தார். சபையோர் எல்லோரும் அன்று தங்கள் வீட்டில் சமைத்ததைத் தங்கள் கையாலேயே கொண்டுவர வேண்டும், தவறினால் பதவி இல்லை என்று உத்தரவு வந்தது. ராஜாவுக்கு நாக்கு ஊறியதில் பிள்ளையின் சூது கண்ணில் படவில்லை.

கொண்டுவராவிட்டால் பதவி போகும், கொண்டுவந்தால் வேதம் போகும். ஏலியாகுவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் சிரித்த முகத்தோடு ராஜாவிடம் போய், ஊரை எனக்கு வாடகைக்குத் தாருங்கள், சுற்றிலும் கயிறு கட்டிக்கொள்கிறேன் என்றார். வாடகை ஒரு தேங்காய். ராஜா விழுந்து விழுந்து சிரித்துத் தேங்காயை வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஊரைச் சுற்றிக் கம்பு நட்டு, உச்சியில் தென்னங்கயிறு கட்டியாகிவிட்டது. மந்திரிக்கு மூளை கலங்கிவிட்டது என்று பிள்ளை வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார்.

சனிக்கிழமை, முந்தின நாளே காய்ச்சிய பலாப்பழப் பாயசத்தோடு ஏலியாகு சபைக்குள் நுழைந்தார். பிள்ளை இதற்குத்தான் காத்திருந்தார்.

"மகாராஜா, பதவிக்காகத் தன் வேதத்தையே விற்றவர் நாளைக்கு உங்களை விற்க மாட்டாரா?"

ராஜாவின் முகம் மாறியது. "என்ன மந்திரியாரே, உண்மையா?"

"வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகாதே என்பதுதான் சட்டம், மகாராஜா. வீட்டுக்குள் கொண்டுபோகலாம். இரண்டு கம்பும் மேலே ஒரு கயிறும் எங்களுக்கு வாசல் நிலை. ஊரைச் சுற்றி நிலை வைத்தேன், உங்களிடம் வாடகை பேசினேன், எல்லோரும் ஒரே வீட்டார் என்பதற்கு அடையாளமாக எங்கள் தெருவார் சேர்ந்து ஒரு பொது ரொட்டி வைத்தோம். இப்போது ஊரே ஒரு வீடு. அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வந்திருக்கிறேன், அவ்வளவுதான். இது எங்கள் பெரியவர்கள் காட்டிய வழி, என் சொந்தச் சரக்கு இல்லை."

ராஜா பாயசத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தன் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினார். பிள்ளை விடவில்லை. கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார்.

"அறுந்தால் வீடு மறுபடி தெருவாகிவிடும். அதனால் வெள்ளிதோறும் ஒருவர் சுற்றிப் பார்க்க வேண்டும். குறை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரராக இருந்தால் நல்லது" என்றார் ஏலியாகு. அவர் யாரையும் பார்க்கவில்லை. சபை மொத்தமும் பிள்ளையைப் பார்த்தது.

வேலை பிள்ளையின் தலையில் விழுந்தது. வெள்ளிதோறும் வெயிலில் அண்ணாந்தபடி ஊரைச் சுற்றினார், அடிக்கடி சாணியை மிதித்தார். பாவம்தான், ஆனால் தேடிக்கொண்டது. சனிதோறும் ஏலியாகு தன் கையாலேயே அவருக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது சாயப்போகும் நேரத்தில், குரங்கு தொங்கிக் கயிறு அறுந்தது. பிள்ளை தன் சரிகை அங்கவஸ்திரத்தைக் கிழித்துத் திரித்து, கம்பில் ஏறி முடிச்சுப் போட்டார். கீழே நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். மந்திரிமேல் திடீரென்று இவ்வளவு அக்கறையா என்று ஒருவர் கேட்டார்.

"அக்கறையாவது, மண்ணாவது. நாளைக்குப் பாயசம் வர வேண்டாமா?" என்றார் பிள்ளை.