முன் போட்டோவுக்கு ஒரு கோழி

கோணக்குளத்தில் அறிவாளிகள் மொத்தம் மூன்று பேர். பேச்சிமுத்து, மாசானம், தவசி. இந்தக் கணக்கை எடுத்தவர்களும் அவர்கள்தான் என்பதால் தவறு இருக்க வாய்ப்பில்லை.

பேச்சிமுத்துவுக்குக் கல்யாணத்தின்போது மாமனார் ஒரு பழைய கார் கொடுத்தார். நல்ல கார். தள்ளினால் ஓடும். இதைப் பந்தயக் கார்போல மாற்றிக் கட்ட வேண்டும் என்று ஒருநாள் மூவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. மறுநாளே வெல்டிங் பட்டறை வைத்திருந்த மாசானம் வந்து கூரையை அறுத்து எடுத்துவிட்டான்.

பேச்சிமுத்துவின் மனைவி செண்பகம் வெளியே வந்து பார்த்தாள். அப்பா கொடுத்த கார் மூடியில்லாத டப்பாவாக நின்றது.

"எங்கப்பா குடுத்த காரை இப்படி அறுத்துப் போட்டுட்டு நிக்கீங்களே! ரொம்பப் பெரிய வேலைதான். பொஸ்தகத்துல போடுவான், போங்க. அப்படி வந்தா சொல்லி அனுப்புங்க, நானும் வாரேன்."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் பின்னாலேயே ஓடிப்போய்க் கெஞ்சியிருப்பார்கள். பேச்சிமுத்து விவரமானவன். பொண்டாட்டி திரும்பி வர என்ன செய்ய வேண்டும் என்று அவளே தெளிவாகச் சொல்லிவிட்டாளே என்று சந்தோஷப்பட்டான்.

ஆனாலும் ராத்திரிச் சோற்றைத் தானே வடித்துத் தானே தின்றபோது அழுகை வந்தது. பாதி அவளை நினைத்து, பாதி அந்தச் சோற்றை நினைத்து.

எட்டு மாதத்தில் கார் தயாரானது. பின்சக்கரம் ஆளுயரம், முன்சக்கரம் முழங்கால் உயரம். எஞ்சின் வெளியே தெரிந்தது. ரத்தச் சிவப்புப் பெயின்ட் அடித்து, இரண்டு பக்கமும் தீ எரிவதுபோல மாசானம் தன் கையாலேயே படம் வரைந்திருந்தான். 'வண்டி வாகனம்' என்ற மாதப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டார்கள். ஆசிரியர் விதிமுறைகளை அனுப்பி வைத்தார். பாவம், கோணக்குளத்துக்கு எழுதுகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

முதல் விதி, வண்டியை இதற்கு முன் வேறெங்கும் காட்டியிருக்கக் கூடாது.

"நாம பாத்துட்டோமேல?" என்றான் மாசானம், முகம் வெளிறி.

தவசி வெகுநேரம் யோசித்தான். சொந்தமாகக் கேமரா வைத்திருந்ததால் யோசிக்கும் வேலை எப்போதும் அவனுக்கே வரும். "நாம பாத்தோம், சரி. நமக்கு யாராவது காட்டுனாங்களா?"

"இல்லை."

"அப்ப காட்டுனதா ஆகாது."

கண்டம் நீங்கியது. படம் எடுக்கக் குளத்துக்குக் கொண்டுபோகும்போது ஊரார் பார்த்துவிடாமல் இருக்க, காரை நான்கு போர்வை போட்டு மூடினார்கள். ஓட்டிய பேச்சிமுத்துவும் போர்வைக்கு உள்ளேதான் இருந்தான். கார் பஞ்சாயத்துக் குழாயை இடித்துச் சாய்த்து, ஒரு வைக்கோல்போரில் நுழைந்து நின்றது. போர்வை விலகியது. பின்னால் ஓடிவந்த மாசானம் வைக்கோலுக்கு நடுவே தீயைப் பார்த்துவிட்டு, "ஐயோ, பத்திக்கிச்சு!" என்று ஒரு குடம் தண்ணீரை எஞ்சின்மேல் கொட்டினான். நல்லவேளை, தீ பெரிதாகப் பரவவில்லை.

இரண்டாம் விதி, படத்தில் ஆட்கள் இருக்கக் கூடாது, காருக்குப் பின்னால் வேறெதுவும் தெரியக் கூடாது. வற்றிய குளத்தில் வேறெதுவும் இல்லைதான். தூரத்தில் ஒரு மலை மட்டும் இருந்தது. மலையை நகர்த்தலாமா என்று பேசிப் பார்த்தார்கள். மூன்று பேர் போதாது என்று முடிவானது. அதனால் பேச்சிமுத்துவும் மாசானமும் தங்கள் வேட்டிகளை அவிழ்த்து, காருக்குப் பின்னால் விரித்துப் பிடித்து, அதற்குப் பின்னால் மறைந்து நின்றார்கள்.

"கீழே நாலு கால் தெரியுதே," என்றான் தவசி.

"வெறும் காலு ஆளாகுமா?" என்று கேட்டான் பேச்சிமுத்து.

"ஆகாது. காலை மட்டும் பாத்து எவனுக்காவது வணக்கம் போடுவோமா?"

படம் எடுத்தாகிவிட்டது. மூன்றாம் விதிதான் மூவரையும் உட்கார வைத்துவிட்டது. வேலைக்கு முன் வண்டி எப்படி இருந்தது, வேலைக்குப் பின் எப்படி இருக்கிறது என்று இரண்டு படங்கள் வேண்டுமாம். ஒவ்வொரு படத்தின் முதுகிலும் அதை எடுத்த தேதியை எழுத வேண்டுமாம்.

முன் போட்டோ அவர்களிடம் இல்லை. எடுத்திருந்தால்தானே இருக்கும்?

"வேற வழி கிடையாதுல," என்றான் பேச்சிமுத்து. "பழையபடி ஆக்கிட்டு எடுத்துருவோம். செம்பகம் வரணும்லா."

அறுத்த கூரையை மாசானம் திரும்ப ஒட்டினான். சக்கரங்களை மாற்றினார்கள். சிவப்பைச் சுரண்டிவிட்டு, பழைய வெளிர்நீலத்தை அடித்து, அது வெளுக்கும்வரை வெயிலில் நிறுத்தினார்கள். வலது கதவில் பழைய நசுங்கல் வர வேண்டும் என்று பேச்சிமுத்து அளந்து அளந்து சுத்தியலால் அடித்தான். ஒருமுறை கொஞ்சம் அழகாக நசுங்கிவிட்டதால் அதை நிமிர்த்தி மறுபடி அடித்தான். துரு ஏற தினமும் உப்புத்தண்ணீர் தெளித்தார்கள். இப்படியே இன்னும் ஐந்து மாதம் ஓடியது.

"பின்சீட்டுல ஒரு வெள்ளைக் கோழி முட்டை போடுமே," என்று தவசி ஞாபகப்படுத்தினான்.

"அதை நாம தின்னுட்டோமேல."

கோழி இல்லாமல் எடுத்தால் அது பொய்ப் படமாகிவிடும். நேர்மையில் அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. மூன்று ஊர் அலைந்து அதே ஜாடையில் ஒரு வெள்ளைக் கோழியைப் பிடித்து வந்து, அது முட்டை போடும்வரை காத்திருந்து படம் எடுத்தார்கள். முதுகில் தேதி போட்டு இரண்டு படங்களையும் அனுப்பினார்கள்.

ஆசிரியரும் சாமானியப்பட்டவர் இல்லை. படத்தைப் பார்த்து எது முன், எது பின் என்று சொல்ல அவர் என்ன பட்டிக்காடா? தேதியைப் பார்த்தார். முதலில் சிவப்பு, ஐந்து மாதம் கழித்து நீலம். நடுப்பக்கத்தில் போட்டே விட்டார்: 'யாரோ கண்டபடி வெட்டிக் குதறிய ஒரு காரை, அதன் அசல் நிலைக்கே மீட்டெடுத்த மூவர்! துருவைக்கூட அதனதன் இடத்தில் வைத்திருக்கும் நுட்பத்தைப் பாருங்கள். அந்தக் கோழி!'

சேதி போன மறுநாள் காலையில், கையில் பத்திரிகையோடு செண்பகம் பஸ்ஸை விட்டு இறங்கினாள். வாசலில் அப்பா கொடுத்த கார் அப்படியே நின்றது. நசுங்கலைத் தடவிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"எனக்காகவா இவ்வளவும் செஞ்சீங்க?"

"ஆமா செம்பகம்," என்றான் பேச்சிமுத்து. பதின்மூன்று மாதமாகத் தன் சமையலையே தின்ற மனிதன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான்.

தவசி அதை அழகாக ஒரு படம் எடுத்தான். எடுத்தவன் கேமராவை மெல்ல இறக்கினான். முகம் இருண்டிருந்தது.

"அண்ணே, மதினி வந்தபொறவு உள்ள போட்டோ எடுத்தாச்சு. வாரதுக்கு முன்னால உள்ளது?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சிமுத்து கண்ணைத் துடைத்தான். நீண்ட பெருமூச்சு விட்டான். செண்பகத்தின் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தான்.

செண்பகம் பற்களைக் கடித்துக்கொண்டு, கண்கள் சிவக்க நின்றாள்.

"அசையாதீங்க மதினி!" என்று கேமராவைத் தூக்கினான் தவசி. "போகும்போது இருந்த அதே மூஞ்சி!"