கீறல் விழாத கார்

தாராபுரம் ரோட்டில் வெல்டிங் பட்டறை நடத்தும் மயிலாத்தா முன்னால் தன் குட்டிக் காரை நிறுத்தினார் மில் முதலாளி தெய்வசிகாமணி. பின்னாலேயே ஆட்கள் ஒரு டிரெய்லரையும் ரெண்டு ரேக்ளா வண்டிப் பந்தயக் காளைகளையும் கொண்டுவந்தார்கள்.

“ஏம்புள்ள, கார், டிரெய்லர், காளை மூணும் ஒண்ணாப் பந்தயத்துக்குப் போயிச் சேரோணும். ஊரே வாயப் பொளக்கோணும். காளைய ஏத்துன டிரெய்லரைக் காரு இழுக்கறாப்புல கொக்கி மாட்டு.”

“மாட்டிர்லாமுங்க. கார்ல ரெண்டு ஓட்டை போட்டு...”

“ஓட்டையா! தை முடியறவரைக்கும் கார்ல கீறலே விழக்கூடாதுன்னு ஜோசியர் சொல்லியிருக்காரு. முடியாதுன்னா என் எடத்துல இருந்து பட்டறையக் காலி பண்ணு.”

“முடியுமுங்க. ஆனா இப்ப ராகு காலம். வேலை உங்க கண்ணுல படக்கூடாது. காருக்குள்ள உக்காந்து கண்ண மூடிக்கங்க.”

ராகு காலம் என்றதும் முதலாளி காருக்குள் ஏறிக் கண்ணை மூடினார். ஏசி குளிருக்குக் குறட்டையும் வந்துவிட்டது.

கைதட்டல் கேட்டு விழித்தபோது பந்தய மைதானம். டிரெய்லர் மேலே கார், காருக்குள்ளே அவர். காளைகள் ரெண்டும் டிரெய்லரை இழுத்துக்கொண்டிருந்தன. “காரு ஓட்டுற காளைகள் வருது, வழிவிடுங்க!” என்று மைக்கில் அலறினான் ஒருவன்.

“என்னடி இது?” என்று கூடவே நடந்துவந்த மயிலாத்தாவிடம் கத்தினார்.

“மூணும் ஒண்ணா வந்திருச்சுங்க. ஊரும் வாயப் பொளந்திருச்சு. கீறல் இருந்தாக் காட்டுங்க.”

“ஐயோ, போறப்பவாவது கொக்கி வெச்சுத் தொலை!”

“ஓட்டை விழுமுங்களே?”

“எத்தன வேணுமோ போடு!”

“பட்டறையக் காலி பண்ணோணுமுங்களா?”

“அங்கயே இருந்துக்க தாயே, சீக்கிரம் போடு!”

மைக்செட்டுக்காரனிடம் கரண்டுக்கு ஒரு வயர் கேட்டு வாங்கிக்கொண்டு, கையோடு கொண்டுவந்திருந்த டிரில்லிங் மிஷினை எடுத்தாள் மயிலாத்தா.