உச்சிவேளைத் தண்ணீர்

“எம் பொண்ணு எங்கூடப் பேச மாட்டேங்கிறாம்மா. நான் என்ன கொறை வச்சேன்?”

வந்து உட்காரக்கூட இல்லை. வேலிப்படலைத் தள்ளும்போதே சோலையப்பன் ஆரம்பித்துவிட்டார்.

ஆயுசு முழுக்க பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கூட்டத்துக்குள் குரல் கொடுத்தே பழகிய தொண்டை. சும்மா இருக்கத் தெரியாது மனுஷனுக்கு.

வெயிலுகந்தாள் பூசணிக் குழிகளுக்கு நடுவே களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நாற்பதுகூட ஆகாத துறவி. விருதுநகருக்குக் கிழக்கே, மழை எட்டிப் பார்க்காத அந்தக் கரிசல்காட்டில் ஒரு கூரையைப் போட்டு, நாலு காய்கறியை வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். மனசு சரியில்லாதவர்கள் அவளைத் தேடி வருவார்கள். உபதேசம் கிடைக்காது. வேலைதான் கிடைக்கும்.

சோலையப்பன் அவளைவிட ரொம்ப மூத்தவர். ஆனாலும் அவருக்கு அவள்தான் குரு. ஓரத்துக் குழியில் ஒரு கொடியை அவர் பொறுப்பில் விட்டிருந்தாள். தினமும் வந்து அதைப் பார்த்துக்கொள்வார்.

“என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?”

“என்ன செய்யலன்னு கேளுங்க.”

மகள் நாகஜோதி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். தாய் இல்லாத தாய்வீடு. தாய்க்கும் சேர்த்து இவரே ஓடியாடிப் பார்த்தார். பிள்ளை பிறந்தது, மூச்சு விடவில்லை. வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், பாயில் சுருண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

“அவ மொகம் தொங்கிச்சுன்னா எனக்குப் பொறுக்காதும்மா. ஓடிப்போய் ஹார்லிக்ஸ் கலக்குவேன். ‘அழாத தாயி, அடுத்த வருஷமே ஒண்ணு பொறக்கும்’னு சொல்லுவேன். டிவியப் போட்டு விடுவேன். தெருவுல போறவங்களக்கூடக் கூட்டியாந்து, ‘கொஞ்சம் பேசிட்டு இருங்க’ம்பேன்.”

“ம்.”

“நேத்து என்னையக் கையெடுத்துக் கும்பிடுறாம்மா. ‘அப்பா, உங்க கண்ணுல படாம எங்கயாவது போயிடுறேன்’னு. துணிமணிய எடுத்துப் பையில வச்சுட்டா. மதினியத் துணைக்கு உக்கார வச்சுட்டு ஓடியாறேன். இருக்கறது அவ ஒருத்தி. அவளும் போயிட்டா நான் யாருக்காக இருக்கேன்?”

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெரிய மீசை வைத்த ஆள், தோள் குலுங்க அழுதார். பார்க்கவே பாவமாக இருந்தது.

வெயிலுகந்தாள் அவர் அழுது முடிக்கிறவரை களை பிடுங்குவதை மட்டும் நிறுத்தியிருந்தாள்.

வெயில் உச்சிக்கு வந்தது. சித்திரை வெயில், லேசுப்பட்டதா? காடே அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகக் காய்ந்தது. பூசணிக்கொடிகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப் போட்டன. அகல இலைகளெல்லாம் துவண்டு மண்ணைத் தொட்டன.

சோலையப்பன் பதறி எழுந்தார். அழுகையெல்லாம் மறந்துபோனது. குடத்தைத் தூக்கிக்கொண்டு தன் கொடியிடம் ஓடினார். தினமும் இந்த நேரத்துக்கு அவர் செய்கிற காரியம்தான்.

வெயிலுகந்தாள் எழுந்துபோய்க் குடத்தின் விளிம்பைப் பிடித்தாள்.

“விடுங்கம்மா! செத்துரும்!”

“குழிக்குள்ள கைய விடுங்க.”

“பேசறதுக்கு இதுவாம்மா நேரம்?”

“விட்டுப் பாருங்க.”

ஈரம் காயாமல் மேலே பரப்பியிருந்த சோளத்தட்டையை விலக்கிக் குழிக்குள் கையை விட்டார். கை சேற்றுக்குள் போனது. சேறு நாறியது. கரிசல் மண்ணுக்கு ஈரம் பிடித்தால் லேசில் விடாது. தண்டின் அடிப்பக்கம் மஞ்சள் பாய்ந்து கிடந்தது.

“பக்கத்துக் குழியிலயும் பாருங்க.”

பார்த்தார். காலையில் அவள் ஊற்றிய ஈரம் உள்ளே குளுகுளுவென்று இருந்தது. ஆனால் மேலே அந்தக் கொடியும் துவண்டுதான் கிடந்தது.

“இதுக்குத் தண்ணி இருக்கே? அப்புறம் ஏம்மா தொங்குது?”

“வெயில் அடிக்குதுல்ல அண்ணாச்சி.”

அவ்வளவுதான் சொன்னாள்.

சோலையப்பன் தன் கையில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார்.

“அப்ப நாந்தான் கெடுத்தேனா?”

“இன்னும் கெடல. இன்னைக்கு ஊத்தாதீங்க.”

குடத்தை வாங்கிக் கீழே வைத்தாள். அந்தக் கொடிக்குப் பக்கத்திலேயே, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வெறும் மண்ணில் உட்கார்ந்தாள். வேறு வழியில்லாமல் அவரும் உட்கார்ந்தார்.

அடேயப்பா, என்ன பாடு பட்டார் மனுஷன்! குடத்தைப் பார்ப்பார். கொடியைப் பார்ப்பார். வெயிலுகந்தாளைப் பார்ப்பார். அவள் கண் கொடியை விட்டு நகரவில்லை. கையை நீட்டவும் இல்லை. வியர்வை அவள் கழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பொழுது மேற்கே சாய்ந்தது. முதலில் அவளுடைய கொடிகள் இலையை நிமிர்த்தின. அவருடைய கொடி அசையவில்லை. சோலையப்பன் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

கடைசியாக அதுவும், நுனியிலிருந்து ஒவ்வோர் இலையாகத் தூக்கியது.

அவர் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார்.

“புரிஞ்சுபோச்சும்மா! இத்தன நாளாப் போட்டுப் படுத்தியிருக்கேன் பாருங்க. அவள அவ பாட்டுக்கு விட்டுரணும். மதினி பாத்துக்கிடட்டும். நான் திருப்பூர்ல தம்பி வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வாறேன்.”

வெயிலுகந்தாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“நல்லாப் புரிஞ்சுது, போங்க!”

“ஏம்மா?”

“நான் எந்திரிச்சுப் போயிட்டேனா, அண்ணாச்சி?”

வெறும் மண்ணில் இன்னும் உட்கார்ந்தே இருந்த அவளைச் சோலையப்பன் பார்த்தார். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல், கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

வீட்டில் மதினியை அனுப்பிவிட்டு, டிவியை அணைத்தார். நாகஜோதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

பாய்க்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

வாய் துறுதுறுவென்றது. துண்டு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

அவள் முதுகு குலுங்கத் தொடங்கியது. முதலில் சத்தமில்லாமல். பிறகு வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, பெற்ற வயிறு பற்றி எரிய அழுதாள். அழாதே என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் கண்ணீர் வழிந்து மீசைக்குள் இறங்கியது. பார்க்காமலே போன பேரப்பிள்ளைக்காக அவரும் அன்றுதான் அழுதார்.

வெகுநேரம் ஆனது. அழுகை ஓய்ந்தது. ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் இருந்தது.

நாகஜோதி திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே கொஞ்சம் தள்ளிப் படுத்து, பாயில் இடம் விட்டாள்.

“வெறுந்தரையில உக்காந்தா முட்டி பிடிச்சுக்கும். பாயில உக்காருங்கப்பா.”