மீசைக்கார மாமன் கொடுத்த முத்தம்

விலங்குகளுக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு இருந்த காலம் அது. அப்போது கொஞ்சுவதும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். பசு கன்றை நக்கும். கிளி குஞ்சின் அலகோடு அலகு உரசும். மனிதரும் குழந்தையின் முகத்தில் முகம் பதித்துத்தான் முத்தம் கொடுப்பார்கள். வேறு வழி யாருக்கும் தோன்றியதில்லை.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் அரியநாச்சி என்று ஒருத்தி இருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவளுடைய அண்ணன் சடையன் கடற்கரையில் உப்பு விளைவிப்பவன். சேதி அவனுக்குப் போய்ச் சேரவே இரண்டு மாதம் ஆனது. கேட்ட மறுநாளே, குவித்த உப்பை ஓலை போட்டு மூடக்கூட நிற்காமல், கழுதையை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஐந்து நாள் நடை. வழியெல்லாம் கழுதையிடம் மருமகளைப் பற்றியே பேசினான்.

அவன் வந்த நேரம் சரியில்லை. குழந்தைக்கு மூன்று நாளாக வயிற்றுவலி. அழுது அழுது அன்று உச்சிப்பொழுதில்தான் கண் அயர்ந்திருந்தது. புங்கமரத்தில் கட்டிய தூளியில் அது தூங்க, தூளிக்கயிற்றைப் பிடித்தபடியே அரியநாச்சியும் தரையில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நாய் காவல் இருந்தது. ராஜாவே வந்தாலும் குழந்தையை எழுப்ப விடாதே என்று அதனிடம் சொல்லியிருந்தாள்.

நாய் வாலை ஆட்டி வரவேற்றது; வழியை மட்டும் விடவில்லை. சடையன் காத்திருந்தான். நிழல் நகர்ந்தது. ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போன கழுதை திரும்பி வந்து, மேற்கு மலையில் மழை இறங்கிவிட்டது, ஆற்றுநீர் நிறம் மாறுகிறது, இப்போதே கடக்காவிட்டால் தை பிறக்கும்வரை இந்தக் கரையில்தான் என்றது. அங்கே ஒரு வருஷத்து உப்பு மூடாமல் கிடந்தது.

"ஒரே ஒரு முத்தம். கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன்" என்றான் சடையன், மெதுவாக.

நாய் அவன் மீசையைப் பார்த்தது. உப்புக்காற்றில் விறைத்து, விளக்குமாற்றுக் குச்சிபோல நின்றது அது. தகப்பனின் இரண்டு நாள் தாடி பட்டதற்கே நேற்றுக் குழந்தை ஊரைக் கூட்டியதை நாய் எடுத்துச் சொன்னது.

"முதலில் என் மூக்கில் கொடுத்துப் பாருங்கள், மாமா. நான் பொறுத்துக்கொண்டால் அவளும் பொறுப்பாள்."

சடையன் குனிந்து கொடுத்தான். நாய் தோட்டத்துக் கோடிவரை ஓடி, ஏழெட்டுத் தும்மல் போட்டுவிட்டுத் திரும்பி வந்தது. சிரிக்க வாயைத் திறந்த கழுதையின் வாயைச் சடையனே பொத்தவேண்டியிருந்தது.

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். நாலடி போனவனுக்குக் கால் வரவில்லை. திரும்பி வந்து, குடத்துத் தண்ணீரில் உப்புப் போகக் கையைக் கழுவி, வேட்டியில் துடைத்தான். கை மட்டும்தான் நீள்கிறது என்று கண்ட நாய் வழிவிட்டது. அவன் தூளித் துணியை விலக்கி, விரல்நுனிகளால் மருமகளின் கன்னத்தைத் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுத்தவன், அந்த விரல்களை அப்படியே குவித்துத் தன் உதட்டுக்குக் கொண்டுபோய் முத்தமிட்டான்.

குழந்தை எழவில்லை. தூக்கத்திலேயே வாயைச் சப்புக்கொட்டிவிட்டுச் சிரித்தது.

"இது அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா?" என்று நாயிடம் கேட்டான்.

"சேர்ந்துவிட்டது, அண்ணே."

பதில் சொன்னது அரியநாச்சி; அவள் எப்போதோ விழித்திருந்தாள்.

இடுப்பளவு தண்ணீரில் சடையனும் கழுதையும் ஆற்றைக் கடந்தார்கள். உப்பில் பாதியைத்தான் காப்பாற்ற முடிந்தது. அதற்காக அவன் வருந்தியதாகத் தெரியவில்லை. இங்கே அரியநாச்சி அவன் செய்ததுபோலவே செய்து பார்த்தாள். தாடிக்காரத் தகப்பனும் செய்தான். படித்துறைப் பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு வீட்டுக்குப் போய் அவரவர் குழந்தைக்குச் செய்தார்கள்.

பேருந்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத குழந்தையின் கன்னத்தைக்கூட விரலால் தொட்டு நம் உதட்டில் ஒற்றிக்கொள்கிறோமே, அந்த வழக்கம் பிறந்தது அந்த மத்தியானத்தில்தான்.