கெண்டை கிணற்றுக்கு வந்த கதை

அந்தக் காலத்தில் மீனுக்குப் பேச்சு உண்டு. இன்றைக்கும் தண்ணீருக்குள் வாயைத் திறந்து திறந்து மூடுகிறதே, வேறு எதற்காம்? சத்தம்தான் போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

அப்போது ஒரு மானாவாரி ஊரில் ஒச்சப்பன் என்று வெள்ளாமை பார்க்கும் ஒரு சம்சாரி இருந்தான். ஊருக்கு ஒரே படிக்கிணறு. குடிக்க அந்தத் தண்ணீர்தான். அந்த ஊரை ஒரு பீடை பிடித்திருந்தது. சோளம் முற்றி நிற்கும் நேரம் பார்த்து ஊரார் காலில் கொப்புளம் கிளம்பும். அது உடைந்து, வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலை நீட்டும். நரம்புச்சிலந்தி! கால் நெருப்பாய் எரியும். கிணற்றுப் படியில் இறங்கிக் காலைத் தண்ணீருக்குள் விட்டு, "அப்பாடா" என்று உட்கார்வார்கள். எழுந்து வரும்போது அதே தண்ணீரில் இரண்டு கை அள்ளிக் குடிப்பார்கள்.

அறுக்க ஆளில்லை. கிளிகளுக்குக் கொண்டாட்டம். "என்ன ஒச்சப்பா, இந்த வருஷமும் அறுப்பு எங்களுக்குத்தானா?" என்று கதிரில் உட்கார்ந்தே கேட்கும். அடுத்த வெள்ளாமையும் இப்படிப் போனால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

ஒச்சப்பன் பெண்டாட்டி வீராயி கால் வீங்கிப் படுத்துவிட்டாள். "வாய்க்கு ருசியா ஒரு மீன் குழம்பு கிடைச்சா எந்திரிச்சிருவேன்" என்றாள். அவன் காலிலும் புழுதான். நொண்டிக்கொண்டே கண்மாய்க்குப் போனான். வயிறு நிறைய முட்டையோடு ஒரு கெண்டை சிக்கியது. பானைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு திரும்பினான். வழியில் எரிச்சல் தாங்கவில்லை. கிணற்றில் இறங்கி, பானையைப் படியில் வைத்துவிட்டுக் காலை நீட்டினான்.

"எடுடா காலை!" என்றது பானை.

எட்டிப் பார்த்தான். கெண்டை முறைத்தது.

"உன் கால் புழு தண்ணீரைக் கண்டதும் குஞ்சுகளைக் கக்கும். அதைத் தண்ணீர்ப்பூச்சி விழுங்கும். பூச்சியை நீங்கள் குடிப்பீர்கள். வருஷம் திரும்பினால் காலில் வந்து நிற்கும். கிணற்றில் விதைக்கிறீர்கள், காலில் அறுக்கிறீர்கள். நல்ல வெள்ளாமைடா!"

"குழம்புக்குப் பயந்து கதை விடுகிறாய்."

"பயம்தான். யார் இல்லை என்றது? ஆனால் அந்தப் பூச்சிதான் எனக்குச் சோறு. என்னை இதில் விடு. நீங்கள் காலை மட்டும் வெளியே வையுங்கள்."

ஒச்சப்பன் வீராயியை நினைத்தான். நின்று அழியும் சோளத்தை நினைத்தான். பானையைக் கிணற்றில் கவிழ்த்தான்.

"ஏய்யா, மீன் எங்கய்யா?" என்றாள் வீராயி.

"கிணத்துல."

"எங்காலுல புழு. உம்ம தலைக்குள்ள புழுவா?"

எவ்வளவு திட்டியும் அவன் அசையவில்லை. தினமும் கம்பை ஊன்றி மேல்படியில் நின்றான். கால் எரிகிறது என்று வந்தவர்களைத் தூரத்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, தண்ணீரைச் சுமந்துபோய் ஊற்றினான். ஊர் சிரித்தது. கெண்டை குஞ்சு பொரித்து, கிணறு முழுக்க வெள்ளி வெள்ளியாய் ஓடியது.

மறு வருஷம் சோளம் முற்றியது. ஒரு காலிலும் கொப்புளம் இல்லை. வீராயி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முந்தி வயலில் இறங்கினாள். புதுச் சோளம் வெந்ததும் முதல் பிடியை அவள் புருஷன் வாயில் வைக்கவில்லை. கிணற்றடிக்கு எடுத்துப் போனாள்.

"ஒன்னத் திங்க நெனச்சேனே தாயி, பொறுத்துக்க" என்று சொல்லித் தூவினாள். அவள் கண்ணீரும் இரண்டு சொட்டு உள்ளே விழுந்தது.

அன்று முதல்தான் எங்கள் பக்கத்துச் சனங்கள் குடிதண்ணீர்க் கிணற்றில் கெண்டை விடுகிறார்கள். எந்தப் பஞ்சத்திலும் அதற்குத் தூண்டில் போடுவதில்லை.